நாற்பத்தொன்பதுக்குப் பிறகு ஒன்று

லுண்ட், 5 மே 1945

அக்கா,

இல்லை, சாவி என்னிடம் இல்லை. அகதி அலுவலகத்தில் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். கோபன்ஹேகனில் வீடு இருக்கிறதா என்று தெரியாது. இருந்தால் அதன் சாவி என் அக்கா யெட்டேயிடம் இருக்கும். அக்கா போரோஸ் ஊரில் துணி ஆலையில் தைக்கிறாள். அவள் என்னோடு பேசிப் பதினைந்து மாதம் ஆகிறது என்பதைச் சொல்லவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

நேற்று மாலை நான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். லண்டன் வானொலியில் டேனிஷ் செய்தி. வாசித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். அந்த மௌனத்தில் பக்கத்து அறைக் கடிகாரம் கேட்டது. பிறகு சொன்னார். டென்மார்க்கில் ஜெர்மானியர்கள் சரணடைந்துவிட்டார்கள். கையில் கத்தியோடு வீட்டுக்காரம்மாவைக் கட்டிப் பிடித்தேன். அவள் அழுதது சந்தோஷத்திலா கத்தியைப் பார்த்தா என்று இன்னும் தெரியவில்லை.

புதன்கிழமை நான் கோபன்ஹேகன் போகிறேன். ஸ்வீடனிலிருந்து அகதிகளைத் திருப்பி அழைக்கும் அலுவலகத்துக்குத் தட்டச்சுக்காரி வேண்டுமாம். மற்றவர்கள் மாதக் கடைசியில்தான். ஆனால் திரும்புகிறவர்கள் பட்டியலைத் தட்டச்சு செய்யப்போவது நான்.

பேராசிரியருக்கு ஒரு கட்டுரை பாக்கி. யூத சரித்திரத்தின் முக்கிய நிகழ்வுகள். எகிப்தை விட்டுக் கிளம்பியது. சீனாய் மலை. ஆலயம் எரிந்தது, இரண்டு முறை. பாபிலோன். ஸ்பெயின். எல்லாம் கிளம்புவதாகவே இருக்கிறது. திரும்பி வந்து கதவைத் தட்டியது எங்காவது உண்டா என்று பார்த்தேன். பாபிலோனிலிருந்து ஒருமுறை திரும்பியிருக்கிறார்கள். அதிலும் பாதிப் பேர் வரவில்லை. இங்கேயே வசதியாக இருக்கிறது என்று தங்கிவிட்டார்கள்.

தங்கிவிடாதே. சாவியை அனுப்பு. அல்லது சாவியோடு வா.

ஹென்னி

*

போரோஸ், 7 மே

ஹென்னி,

சனிக்கிழமை தேதி போட்டு எழுதியிருக்கிறாய். ஓய்வுநாளில் பேனா பிடித்ததை மறைக்கவாவது செய்திருக்கலாம். ஆறு என்று போட்டிருந்தால் நான் என்ன தபால் நிலையத்தில் போய் விசாரிக்கவா போகிறேன்?

சாவி என் கோட்டின் ஓரத் தையலுக்குள் இருக்கிறது. படகில் ஏறுவதற்கு முன் நானே உள்ளே வைத்துத் தைத்தேன். பிரிப்பதாக இல்லை. இங்கே எனக்கு ஓர் அறை இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பூர்ச்ச மரம். அப்பாவின் கல்லறை இருபது நிமிட நடை, வாரம் ஒருமுறை போகிறேன். நான் வந்துவிட்டால் அங்கே யார் போவார்கள்? துக்க நாள் ஏழில் நான்காம் நாளே பரீட்சை என்று ரயிலேறிய நீயா?

இதை எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

வேறு ஒன்றும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் சொல்ல வேறு யாரும் இல்லை. இங்கே யாருக்கும் புரியாது.

எண்ணிக்கை போய்விட்டது.

பாஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவில் ஒன்று என்று ஆரம்பித்து, ஒவ்வொரு மாலையும் ஆசி சொல்லி எண்ணி, நாற்பத்தொன்பதில் முடிக்க வேண்டும். எகிப்திலிருந்து சீனாய் வரைக்கும் நம்மவர்கள் நடந்த நாள் கணக்கு. ஒரு மாலை மறந்தால் மறுநாள் பகலில் எண்ணிக்கொள்ளலாம். பகலிலும் மறந்தால் போயிற்று. அதற்குப் பின் எண்ணலாம், ஆசி சொல்ல முடியாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ எண்ணுவதில்லை, உனக்கென்ன.

அப்பா நாற்பது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. நான் பிறந்த மாலையிலும் பிரசவ அறை வாசலில் நின்று எண்ணிவிட்டுத்தான் என்னைப் பார்க்க உள்ளே வந்தாராம். அவர் போன பிறகு இரண்டு வசந்தமாக அவருக்காக நான் எண்ணுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளின் இரண்டு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தேழாம் மாலை. இருட்டியதும் எண்ண வேண்டும். ஆலைப் பெண்கள் படியில் ஓடி வந்தார்கள். "யெட்டே! யெட்டே! உன் ஊர் பொழைச்சிடுச்சுடி!" என்று என்னைத் தூக்கிவிட்டார்கள். தூக்கினார்கள் என்றால் நிஜமாகத் தூக்கினார்கள், நான் கனம் இல்லை என்று நினைக்காதே. தெருவில் ஆடினேன். நான்! மறுநாள் சதுக்கத்தில் டேனிஷ்காரர்கள் எல்லாரும் பாடினோம். தொண்டை கட்டிவிட்டது. சனிக்கிழமை மாலை முப்பத்தெட்டு எண்ணலாம் என்று ஜன்னலருகே போய் நின்று வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

காய்ச்சலில் மறக்கவில்லை. பயத்தில் மறக்கவில்லை. சந்தோஷத்தில் மறந்திருக்கிறேன். அப்பா என்ன சொல்வார்?

சாவி கிடையாது.

யெட்டே

*

கோபன்ஹேகன், 11 மே

அக்கா,

வீடு இருக்கிறது.

அதை முதலில் எழுத வேண்டும் என்று கப்பலிலேயே முடிவு செய்திருந்தேன், எது நிஜமானாலும் முதல் வரியில். இருக்கிறது.

நேற்று நம் பேட்டை நோரெப்ரோவில் டிராமை விட்டு இறங்கியபோது கால் தானாக நடந்தது. தெருவெல்லாம் கொடி. முன்பின் தெரியாத ஒருவன் என் தொப்பியில் ஒரு டியூலிப் பூவைச் செருகிவிட்டுப் போனான். சாவி இல்லாததால் பின்பக்கச் சமையலறைப் படி வழியாக ஏறினேன். நம் கதவைத் தட்டினேன். யார் திறப்பார்கள் என்று நினைத்தேனோ. பக்கத்துச் சமையலறைக் கதவு திறந்தது. திருமதி ப்ரூன். அதே நீல ஏப்ரன். காலடியில் அதே நாய், பாம்சே, கிழடாகி.

"யாரது?"

"ஹென்னி. பக்கத்து வீட்டு..."

"பக்கத்து வீடுன்னு எனக்குத் தெரியாதா? ஏண்டி இப்படி எளைச்சுப் போயிட்டே? காலைத் தொடச்சுட்டு உள்ள போ. இப்பதான் மெழுகு போட்டேன்."

அவ்வளவுதான். இருபது மாதம் கழித்துப் பேசிய முதல் பேச்சு.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே போனேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெரேனியம் பூத்திருந்தது. அப்பாவின் செருப்பு, கட்டிலுக்குக் கீழே, மூக்கு வெளிப்பக்கம் பார்த்து. தெருப்பக்க ஜன்னல் திட்டில் உருகிய மெழுகு, இரண்டு வட்டம். உன் படுக்கையில் விரிப்பு மாற்றியிருந்தது. நான் நடுக்கூடத்தில் நின்றேன். எதையும் தொடவில்லை.

அப்பாவின் எண்ணிக்கைப் பெட்டி சமையலறை ஜன்னலில் அதே இடத்தில். அந்தச் சின்ன மரப்பெட்டி. குமிழைத் திருப்பினால் நடுத்துளையில் எண் மாறுமே, அது.

இன்று மாலை நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் அறையில் இருந்தேன். ப்ரூனம்மா தட்டாமல் சமையலறைக்குள் வந்தாள். பெட்டியின் முன் நின்றாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். குமிழை ஒருமுறை திருப்பினாள். மெதுவாக என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. போய்விட்டாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். காலையில் பார்த்தபோது நாற்பத்தொன்பதில் இருந்தது. இப்போது ஒன்று.

உன் கணக்கில் இன்று நாற்பத்து நான்கு.

கேட்கட்டுமா?

இன்னொன்று. பரீட்சையைப் பற்றி எழுதியிருந்தாய். நான் பரீட்சை எழுதவில்லை. அல்வெஸ்தாவில் ரயில் மாற வேண்டும். மாறவில்லை. அங்கேயே பெஞ்சில் இரண்டு ரயில் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். உன் அறையில் கண்ணாடி மேல் துணி போட்டு மூடியிருந்தாயே, துக்க வீட்டு வழக்கம், தெரியும். ஆனால் அப்பா தாடியை ஒதுக்கிக்கொள்ளும் கண்ணாடி அது. அதைப் பார்த்துக்கொண்டு ஏழு நாள் உட்கார முடியவில்லை. பரீட்சை என்றால் நீ திட்டுவாய், அழ மாட்டாய் என்று நினைத்தேன்.

நம் தொழுகைக் கூடத்துத் தோரா வேதச் சுருள்களைத் தேவாலய நிலவறை ஒன்றில் பத்திரமாக வைத்திருந்தார்களாம். அதைத் தெரிவிக்கும் கடிதத்தை இன்று நான்தான் தட்டச்சு செய்தேன். நான்கு பிழை.

ஹென்னி

*

போரோஸ், 14 மே

முட்டாளே,

சொல்லியிருக்கலாமே. துணியை எடுத்துவிட்டு நானே கண்ணாடிக்கு முன்னால் நின்றிருப்பேன், என் முகத்துக்குப் பின்னால் யாருக்கு என்ன தெரியப் போகிறது. பதினைந்து மாதம் அந்தப் பரீட்சையை நான் திட்டித் தீர்த்திருக்கிறேன். பரீட்சை வைத்த பேராசிரியரை, அவர் பெண்டாட்டியை, பல்கலைக்கழகத்தை. எல்லாம் வீண்.

இப்போது நான் சொல்கிறேன். நீயும் கேட்டுக்கொள்.

நாம் கிளம்பிய அந்த ஆண்டு, நம் புத்தாண்டுக்கு முந்தின காலை தொழுகைக் கூடத்தில் எச்சரிக்கை வந்தது, யூதர்களைப் பிடிக்கப் போகிறார்கள், எல்லாரும் ஒளிந்துகொள்ளுங்கள் என்று. அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். மாலைக்குள் கிளம்பினோம். நீ முன்னதாக ரயிலடிக்குப் போய்விட்டாய். கோட் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார், "ப்ரூனம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாமா யெட்டே?" நான் சொன்னேன், "அவகிட்டயா? நாம தெருமுனைக்குப் போறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். காட்டிக் குடுத்தாலும் குடுப்பா." அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். இரண்டு பேரும் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டிப் படியிறங்கினோம். எழுபது வயது மனிதரை வெறும் காலுறையோடு நடக்க வைத்தேன்.

பதினொரு வருடம் அவளோடு படிக்கட்டுக்குச் சண்டை. யார் முறை, யார் கழுவவில்லை, யார் நாய் குரைத்தது. அதையெல்லாம் அவள் மேல் ஏற்றி, கூடவே காட்டிக்கொடுப்பதையும் ஏற்றினேன்.

அடுப்பில் பண்டிகை மீன் இருந்தது. அணைத்தேனா என்று நினைவில்லை. படகில் நினைவு வந்தது. இருபது மாதமாக நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். வீடு எரிந்திருக்கும் என்றே நினைத்தேன். எரிந்திருந்தால், கடவுள் மன்னிக்கட்டும், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது ஜெரேனியம் பூத்திருக்கிறது என்கிறாய். எந்த முகத்தோடு நான் அந்தப் படியேறுவது? பட்டியலில் என் பெயரைச் சேர்த்திருந்தால் அடித்துவிடு. பெட்டியை அவள் ஏன் தொடுகிறாள் என்று கேள். மரியாதையாகக் கேள்.

மீனைப் பற்றிக் கேட்காதே.

யெட்டே

*

கோபன்ஹேகன், 17 மே

அக்கா,

மீனைப் பற்றிக் கேட்டேன்.

காப்பி என்று இங்கே ஒன்று தருகிறார்கள், சிக்கரி வேரும் நல்லெண்ணமும் கலந்தது. அதை இரண்டு கோப்பை குடித்தபடி ப்ரூனம்மாவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் எதையும் சேர்க்கவில்லை.

"மீனா? கரிக்கட்டை ஆயிடுச்சு. பொக வாசனை வந்துச்சு, பின்கதவு வழியா போய் அடுப்பை அணைச்சேன். உங்கக்கா பின்கதவைப் பூட்டவேயில்லை. முன்கதவை ரெண்டு பூட்டு போட்டுட்டு பின்கதவைத் திறந்து விட்டுட்டுப் போற ஆளை எங்கயாவது பாத்திருக்கியா?"

"பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"போடுவேனா! அப்படியே விட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஜெர்மன்காரனுங்க வந்தாங்கல்ல, லாரியில. அதுக்குள்ள நாத்தம் மாடிப்படி வரைக்கும். 'உள்ள யாரு?'ன்னான் ஒருத்தன். 'யாருமில்ல, கிராமத்துக்குப் போயிட்டாங்க, பெருச்சாளி மருந்து வெச்சேன், எங்கயோ செத்துக் கெடக்கு, நீங்களே தேடி எடுத்துக் குடுத்தா புண்ணியமாப் போகும்'னேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினான் பாரு!"

அக்கா, உன் மீன் வீட்டைக் காப்பாற்றியது. பேராசிரியரின் பட்டியலில் கடைசி வரியாக இதைச் சேர்க்கப் போகிறேன்.

பிறகு அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை.

"ஷூவைக் கையில எடுத்துட்டுப் போனா சத்தம் கேக்காதுன்னு உங்கக்காவுக்கு நெனப்பு. மூணாவது படி முனகும், அது ஷூவைப் பாத்தா முனகுது? நான் கதவுக்குப் பின்னாடியே நின்னேன். இந்தக் கழுதை குரைச்சிடுமேன்னு அது வாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு."

பாம்சே தன் பெயரைச் சொல்வதாக நினைத்து வாலை ஆட்டியது.

"கோவமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"கோவந்தான். அந்த வாரம் படி கழுவற முறை அவளோடது."

அப்புறம் பெட்டி. அவள் சமையலறை ஜன்னலிலிருந்து நம் ஜன்னல் தெரியும். வசந்தகாலத்தில் அப்பா தினமும் மாலை அங்கே நின்று என்னவோ முணுமுணுத்துக் குமிழைத் திருப்புவதைப் பல வருடம் பார்த்திருக்கிறாள். சாவி கொடுக்க வேண்டிய ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கிறாள். நின்றுபோனால் கெட்டுவிடும் என்று. நாம் போன மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு திருப்பு. நாற்பத்தொன்பது முடிந்தால் மறுபடி ஒன்று. எண்கள் ஹீப்ரு எழுத்தில் இருக்கின்றன, அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆகவே அவளுக்கு முடிவதும் இல்லை, ஆரம்பிப்பதும் இல்லை. ஒரு நாளும் விட்டதில்லை என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். கிட்டத்தட்ட பன்னிரண்டு முறை எகிப்திலிருந்து சீனாய்க்கு நடந்திருக்கிறாள்.

"அந்தப் பெரியவர் ஏதோ சொல்லுவாரே, எனக்கு அது தெரியாது. சும்மா திருப்பறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அதனால 'குட் நைட், ஹெர்ட்ஸ் ஐயா'ன்னு சொல்லுவேன்."

நான் அப்போது சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். போன வருடம் பிப்ரவரியில், நிமோனியா என்று.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இவ்வளவு நாளா நான் யாருக்குச் சொல்லிட்டிருந்தேன்?"

பல்கலைக்கழகத்தில் படித்தவள், எழுந்து போய் என் கோப்பையைக் கழுவினேன்.

நேற்று மாலை வழக்கம்போல வந்தாள். இந்த முறை நான் சமையலறையிலேயே இருந்தேன். குமிழைத் திருப்பினாள். "குட் நைட், ஹெர்ட்ஸ் ஐயா" என்றாள். என்னைப் பார்த்து, "பழகிப்போச்சு" என்றாள்.

உன் கணக்கில் நேற்று நாற்பத்தொன்பது, கடைசி நாள். நம் வீட்டில் ஆறு.

ஜன்னல் திட்டில் மெழுகு என்று எழுதியிருந்தேன் அல்லவா? நான்காம் தேதி மாலை செய்தி வந்ததும் ஊர் முழுக்க இருட்டடிப்புத் திரையைக் கிழித்துவிட்டு ஜன்னலில் மெழுகுவத்தி வைத்திருக்கிறார்கள். இவள் தன் ஜன்னலில் இரண்டு வைத்தாள். "உங்க ஜன்னல் மட்டும் இருட்டா இருந்துச்சு, நல்லாயில்லை" என்று நம் வீட்டுக்கும் வந்து இரண்டு ஏற்றியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை, அக்கா. இரண்டு மெழுகுவத்தி. அவளுக்கு எதுவும் தெரியாது.

இன்று மாலை, எண்ணி முடித்த வாரங்களின் பண்டிகை. பாலாடைக் கட்டி கிடைத்தது. அப்பம் செய்யப் போகிறேன், கருகாமல்.

அவளிடம் சொல்ல வேண்டுமா, அந்தப் பெட்டி வருடத்தில் ஏழு வாரத்துக்குத்தான் என்று? நீ சொல். உன் பெயரை நான் அடிக்கவில்லை.

ஹென்னி

*

போரோஸ், 20 மே

ஹென்னி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலை வந்தது. பண்டிகை. உறையைக் கிழிக்கக் கூடாது. மறுநாளும் பண்டிகை, போதாததற்கு ஓய்வுநாளும். மேசை மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், அது பாவமா என்று தெரியவில்லை. "மீனை" என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. இரண்டு நாள் எனக்கு என்ன பாடு என்று நீ நினைத்துப் பார். சனிக்கிழமை மாலை, ஓய்வுநாள் முடிந்ததற்கு அடையாளமான மூன்று நட்சத்திரம் தெரிகிறதா என்று ஆலைப் பெண்கள் எல்லாரையும் ஜன்னலில் நிறுத்தினேன். "அதோ ஒண்ணு! அதோ இன்னொண்ணு!" "அது தெருவிளக்குடி." மூன்றாவது வந்ததும் கிழித்தேன்.

சிரித்தேன். பெருச்சாளியில் ஆரம்பித்து. பெண்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தார்கள். பிறகு நாயின் வாய் வந்தது. அப்புறம் அழுதேன், அதையும் பைத்தியம் என்றே நினைத்தார்கள்.

படி கழுவும் முறை என்னுடையது இல்லை. அந்த வாரம் அவளுடையது. ஆனால் அதை நீ அவளிடம் சொல்லாதே.

பெட்டியைப் பற்றியும் சொல்லாதே. யாரும் சொல்லக் கூடாது.

ஒன்று யோசித்தேன். முப்பத்தேழாம் மாலை நான் தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோது அப்பாவின் வீட்டில் விளக்கு எரிந்திருக்கிறது, அப்பாவின் பெட்டியை ஒரு கை திருப்பியிருக்கிறது. எண் தவறு, ஆசி இல்லை, கை லூத்தரன் கை. இது செல்லுமா என்று ரப்பியிடம் கேட்க மாட்டேன். கேட்டால் செல்லாது என்பார். கேட்காமலிருந்தால் எனக்குச் செல்லும்.

அப்பாவின் கல்லறைக்கு இன்று போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஷூவைப் பற்றியும். ஒரு கூழாங்கல் என் சார்பில் வைத்தேன், ஒன்று உன் சார்பில். இன்னொன்று வைத்தேன், யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஆலையின் இன்ரிட் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன் என்றாள். "ஒங்கப்பாகிட்ட ஸ்வீடிஷ்ல பேசினா புரியுமா?" என்று கேட்டாள். மெதுவாகப் பேசினால் புரியும் என்றேன்.

கோட்டைப் பிரிக்கிறேன். கத்தரிக்கோல் கையில் இருக்கிறது. என் பெயரில் 'யெட்டே'வுக்கு இரண்டு 'ட்' என்பதைப் பார்த்துத் தட்டச்சு செய், நீ நான்கு பிழை விடுகிறவள்.

அக்கா

*

கோபன்ஹேகன், 30 மே
சமையலறை மேசை

ஹென்னி,

நீ அலுவலகத்தில் இருக்கிறாய், மாலைதான் வருவாயாம். கப்பல் சீக்கிரம் வந்துவிட்டது. துறைமுகத்தில் பாட்டு வைத்திருந்தார்கள், நானும் மறுபடி கூடப் பாடினேன்.

சாவி பொருந்துகிறது. மூன்றாவது படி இன்னமும் முனகுகிறது. ஷூவோடுதான் ஏறினேன், நன்றாக மிதித்து. அவள் கதவுக்குப் பின்னால் நாய் குரைத்தது. இந்த முறை யாரும் அதன் வாயைப் பொத்தவில்லை.

பெட்டியைப் பார்த்தேன். இருபதாக வேண்டும், பத்தொன்பதில் இருக்கிறது. இன்று மாலை அவள் வரட்டும்.

வாளி இருந்த இடத்திலேயே இருந்தது. நான்காம் மாடியிலிருந்து தெருவாசல் வரைக்கும் படிக்கட்டு முழுவதையும் கழுவினேன். கையைத் துடைத்துக்கொண்டேன். மேலே வந்து இதை எழுதி வைத்துவிட்டு அவள் வாசல் மணியை அடிக்கப் போகிறேன்.